அடுப்படிக் காற்றாடி துடைத்தவர்

காற்றாடி இறக்கையின் மேற்புறத்தை நீங்கள் பார்த்ததில்லை என்றால் புண்ணியம் செய்தவர். கீழே உட்கார்ந்து சுகமாகக் காற்று வாங்குகிறவனுக்குத் தெரிவதெல்லாம் வழுவழுப்பான அடிப்பக்கம்தான். மேலே என்ன இருக்கிறது என்று நான் சொல்கிறேன். சுருட்டுப் புகையும் எண்ணெய்க் கசிவும் சேர்ந்து பிசினாகி, அந்தப் பிசினில் கொசு, ஈசல், மயிர், பல்லி எச்சம் எல்லாம் ஒட்டி, நனைந்த கம்பளி மாதிரி கிடக்கும். அப்படித் துடைத்து எடுத்த துணி ஒன்றை ஒருநாள் எவனோ என் மேசைமீது போட்டுவிட்டுப் போனான். அன்று எனக்கு மத்தியானச் சோறு இறங்கவில்லை.

நான் விநாசித்தம்பி. யாழ்ப்பாணத்துச் சைவம், முட்டையைக்கூடத் தொடாதவன். பினாங்கில் கடலோரமாக இருந்த ஒரு வெள்ளைக்காரர் கிளப்பில் கணக்கெழுதும் கிராணியாக இருந்து என் ஆயுசில் பாதியைத் தொலைத்தேன். கிளப்பின் பெயர் வேண்டாம், வாயில் வந்தாலே அந்த அடுப்படி நாற்றமும் கூட வருகிறது. சொல்ல வந்தது என்னைப் பற்றி அல்ல. அந்தக் காற்றாடிகளைத் துடைத்து, எண்ணெய் போட்டு, இத்தனை வருஷமும் ஓட வைத்த ஹபீப் முகம்மதைப் பற்றி.

நாகூர்ப் பக்கத்து மனிதர். இளவயதில் கப்பலேறி வந்து, துறைமுகத்தில் மோட்டார்ப் படகுகளைப் பழுது பார்க்கும் பட்டறையில் கை பழகினார். கிளப்பில் கயிறு இழுக்கும் பங்காவை அவிழ்த்துப் போட்டுவிட்டு மின்சாரக் காற்றாடி மாட்டிய காலத்தில் உள்ளே வந்தவர். அதற்குப் பிறகு வேறு வேலை தேடவில்லை. நெடுநெடு என்று வளர்ந்த ஒல்லி உடம்பு. தலையில் எப்போதும் வெள்ளைத் தொப்பி. அந்தத் தொப்பியில் ஒரு சொட்டு எண்ணெய் பட்டு நான் பார்த்ததில்லை. மனைவி நூர்ஜானோடு ஜெலுத்தோங்கில் ஒரு பலகை வீட்டில் இருந்தார். பிள்ளைகள் இல்லை.

அவர் வேலை இப்படி. காலையில் வெள்ளைக்காரன்கள் எழும்புவதற்கு முன்னால் ஏணியைத் தூக்கிக்கொண்டு வருவார். சுவிட்சை அணைத்து, அதன்மேல் தன் கைக்குட்டையைக் கட்டிவிட்டுத்தான் ஏறுவார். யாராவது மறதியாகப் போட்டுவிட்டால் விரல் போய்விடும். நடுக்குமிழின் கீழே இருக்கும் சின்னக் கிண்ணத்தைக் கழற்றிக் கறுத்துப்போன பழைய எண்ணெயை வடிப்பார். புது எண்ணெய் அளவாகத்தான் விடுவார். கூடிப்போனால் ராத்திரி விருந்தில் எவள் மொட்டைத் தோளிலாவது சொட்டும், அதற்கு என் தலை உருளும். பிறகு இறக்கை இறக்கையாகச் சவுக்காரத் தண்ணீரில் துடைத்து, ஆட்டம் இருக்கிறதா என்று கையால் சுற்றிப் பார்ப்பார்.

இதுவரைக்கும் சகிக்கலாம். அடுத்து உலர்த்தும் அறை. மழையில் நனைந்த கோட்டு, சப்பாத்து, டென்னிஸ் காற்சட்டை எல்லாம் காய்வதற்காகக் கொதிநீர்க் குழாய் ஓடும் சின்ன அறை ஒன்று இருந்தது. அதற்குள் சூடான காற்றை ஊதுகிற காற்றாடி ஒன்று. அதன் வலையில் வாரத்துக்கு ஒருமுறை துணிப் பஞ்சும் மனித அழுக்கும் அடையாக அப்பியிருக்கும். துரைமாருடைய வியர்வையைச் சுடவைத்து மூக்கில் ஊதினால் எப்படி இருக்கும்? சீ! அந்த அறைக் கதவு திறக்கும் நாளில் நான் அரசாங்கக் கச்சேரியில் வேலை இருக்கிறது என்று பொய் சொல்லி வெளியே போய்விடுவேன்.

இதுகூடப் பரவாயில்லை என்று சொல்ல வைப்பது அடுப்படிக் காற்றாடி. சுவரைக் குடைந்து பதித்த பெரிய இரும்புக் காற்றாடி அது. சமையல் புகையை உறிஞ்சிப் பின்முற்றத்தில் தள்ளும். அதற்கு நேர் கீழே ஐலாம் சீனச் சமையல்காரன் விடியற்காலையிலிருந்து பன்றி இறைச்சியைச் சீவிச் சீவிப் பொரிப்பான். அந்தக் கொழுப்பு ஆவியாக எழும்பி, இறக்கையில் படிந்து, ஆறி, மஞ்சளும் பழுப்புமாய்த் தொங்கும். விட்டுவிட்டால் இறக்கை கனத்துக் காற்றாடி உதறும், மோட்டார் சூடேறும், புகை திரும்பி உள்ளே வரும். ஆகவே வியாழக்கிழமை தோறும் ஹபீப் முகம்மது அதைச் சுரண்ட வேண்டும். ஐந்து வேளை தொழுகிற மனிதர், பன்றிக் கொழுப்பைச் சுரண்ட வேண்டும்.

சுரண்டுவார். அதற்கென்றே ஒரு பழைய சட்டை, ஒரு கைலி, கத்தி போல ஒரு மூங்கில் சீவு. எவ்வளவு பார்த்துச் செய்தாலும் கையில் படாமல் இருக்குமா? வேலை முடிந்ததும் பின்முற்றத்துக் குழாயடிக்குப் போவார். சுவரோரம் ஒரு பிஸ்கோத்து டின்னில் சுத்தமான மண் வைத்திருந்தார். முதலில் மண்ணைத் தண்ணீரில் குழைத்து முழங்கை வரைக்கும் பூசித் தேய்ப்பார். பிறகு ஆறு தடவை தண்ணீர். ஏழு கழுவல், அதில் ஒன்று மண்ணோடு. பன்றி ஈரம் பட்டால் அவர்களுடைய மார்க்கச் சட்டம் அப்படி. சட்டைக்கும் கைலிக்கும் அதே ஏழு. அவசரம் என்று ஒருநாளும் ஒன்றைக் குறைத்ததில்லை. ஐலாம் சமையல்காரன் கதவில் சாய்ந்து நின்று சிரிப்பான். நானும் ஆரம்பத்தில் முகம் சுளித்தவன்தான். இவ்வளவு அருவருப்பை வைத்துக்கொண்டு ஏன் இந்த வேலையில் கிடந்து உழல வேண்டும் என்று கேட்டேன். சம்பளம் ஹலால், அழுக்குத்தான் ஹராம், அழுக்கைக் கழுவிவிடலாம் என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். ஆனால் அந்த வியாழக்கிழமைகளில் வீட்டுக்குப் போகிற டிராலி பஸ்ஸில் அவர் உட்காருவதே இல்லை என்று பிறகுதான் எனக்குத் தெரிந்தது. இடம் இருந்தாலும் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றே போவாராம்.

அந்த மனிதருக்கு உலகத்தில் ஒரே ஒரு பெருமை இருந்தது. நோன்பு மாதத்தில் அவர்களுடைய பள்ளிவாசலில் கஞ்சி காய்ச்சுவார்கள். பெரிய அண்டாவில் அரிசியும் பருப்பும் தேங்காய்ப்பாலும் அடிபிடிக்காமல் கிண்டவேண்டும். அந்தத் துடுப்பு ஹபீப் முகம்மதின் கையில்தான். கிளப்பில் வேலை முடிந்த கையோடு ஓடுவார். அந்த மாதம் முழுக்க அவர் முகமே வேறாக இருக்கும். ஏணியில் நின்றபடி எனக்கு வெந்தயத்தின் பக்குவம் சொல்லுவார். நேற்று யார் இரண்டாம் கிண்ணம் கேட்டான் என்று சொல்லுவார். பட்டினியோடு பன்றிப் புகைக்குள் தலையை நீட்டிக்கொண்டிருக்கிற மனிதருக்கு அந்த அண்டா ஒன்றுதான் ஆறுதல். அதையும் பறித்தார்கள். எப்படி என்று கேளுங்கள்.

ஈயத்தின் விலை விழுந்து, ரப்பர் விலை விழுந்து, ஊரே வேலையில்லாமல் அலைந்த வருஷம் அது. நோன்பு தொடங்கிய முதல் வாரம். சாப்பாட்டு மண்டபத்துத் திரைச்சீலைக்கு அளவெடுக்க சுலைமான் வந்தார். சூலியா தெருவில் ஜவுளிக்கடை வைத்திருந்த பெரிய மனிதர். ஹபீப் முகம்மது கஞ்சி கிண்டுகிற அதே பள்ளிவாசலுக்கு நிர்வாகி. அன்று வியாழக்கிழமை. அளவெடுத்துவிட்டுப் பின்பக்கமாக வந்தவர் அடுப்படி வாசலில் நின்றார். உள்ளே ஏணியில் ஹபீப் முகம்மது. முழங்கை வரைக்கும் மஞ்சள் கொழுப்பு. கீழே சட்டியில் பன்றி பொரிந்துகொண்டிருக்கிறது. சுலைமான் எல்லாவற்றையும் பார்த்தார். மேல்துண்டால் மூக்கைப் பொத்திக்கொண்டு போய்விட்டார். ஹபீப் முகம்மது அவரைப் பார்க்கவே இல்லை.

மறுநாள் சாயங்காலம் பள்ளியில் நடந்ததை ஹபீப் முகம்மதே எனக்குச் சொன்னார். கஞ்சி வார்த்து வரிசையாக வைத்தாயிற்று. மாலைத் தொழுகைக்குப் பாங்கு சொல்லும் வரைக்கும் யாரும் ஒன்றும் சொல்லவில்லை. பாங்கு கேட்டதும் ஒருவர் பேரீச்சம்பழத்தோடு நிறுத்திக்கொண்டு, கிண்ணத்தை எடுத்துப்போய் வாசல் சாக்கடையில் கவிழ்த்தார். அவருக்குப் பின்னால் இன்னொருவர். பிறகு வரிசையே எழுந்தது. தான் காய்ச்சிய கஞ்சி சாக்கடையில் ஓடுவதைத் துடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்று பார்த்திருக்கிறார். ஏன் என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை. கடைசியில் ஒரு கிழவர்தான், கிளப்பில் நீ தொடுகிறது என்ன என்று எங்களுக்குத் தெரியும் என்றாராம்.

எனக்கு ரத்தம் கொதித்தது. பசித்தவன் குடிக்கிற கஞ்சியைக் கவிழ்க்கிற கை என்ன கை!

அவர்களுடைய இமாம் நல்ல மனிதர் என்றுதான் சொல்லவேண்டும். ஹபீப் முகம்மதைக் கூப்பிட்டு விசாரித்து, சபையில் வைத்தே தீர்ப்புச் சொன்னார்: முறைப்படி மண்ணோடு ஏழு தடவை கழுவுகிறவர் கையில் எந்தத் தீட்டும் இல்லை, அவர் காய்ச்சியதைத் தாராளமாகக் குடிக்கலாம். சுலைமான் அதற்குத் தலையாட்டினார். "சட்டம் சரிதான் ஹஜ்ரத். ஆனா ஜனங்களுக்கு மனசு ஒப்பணும்லா" என்றாராம். அவ்வளவுதான். துடுப்பு வேறொருவர் கைக்குப் போய்விட்டது.

நான் துரைச் செக்ரட்டரியிடம் போனேன். அடுப்படிக் காற்றாடியை மட்டும் வேறு ஆளிடம் கொடுத்தால் இந்த மனிதருக்கு நிம்மதி என்று பணிவாகத்தான் சொன்னேன். அந்த ஆள் பத்திரிகையிலிருந்து கண்ணைக்கூட எடுக்கவில்லை. வாசல் கேட்டுக்கு வெளியே வேலை கேட்டு நிற்கிறவர்களைப் பார்க்கவில்லையா, அந்த ஒரு காற்றாடி முடியாதவனுக்கு மற்றக் காற்றாடிகளும் வேண்டாம் என்றான். பல்லைக் கடித்துக்கொண்டு வெளியே வந்தேன். ஹபீப் முகம்மதிடம் அதைச் சொன்னபோது, தெரியும் கிராணியாரே, நீங்க கேட்டதே போதும் என்று சொல்லிவிட்டு ஏணியைத் தூக்கினார்.

இனித்தான் கருமம் முழுக்க வெளியே வருகிறது. கிளப்பில் கறைபட்டுக் கிழிந்த மேசைத் துணிகளை வருஷத்துக்கு ஒருமுறை கழித்துவிடுவோம். அந்த வாரம் என் அறை மூலையில் அவற்றைக் குவித்திருந்தார்கள். பன்றிக் குழம்பும் கொழுப்பும் சாராயமும் ஊறிப்போன துணிகள். ஈ மொய்த்தது. நான் மூக்கில் கற்பூரத்தை வைத்துக்கொண்டு வேலை பார்த்தேன். என் தலைக்கு மேலே ஹபீப் முகம்மது காற்றாடி துடைத்துக்கொண்டிருந்தார். எரிச்சலில் நான் கேட்டேன், உங்கள் சுலைமான் முதலாளி வருஷா வருஷம் இந்தக் குப்பையை ஏன் ஆள் அனுப்பி வாங்குகிறார், கடையில் துணிக்குப் பஞ்சமா என்று.

அவர் ஏணியிலிருந்து இறங்கினார். குவியலில் ஒன்றின் ஓரத்தை மூங்கில் சீவால் தூக்கிப் பார்த்தார். கரையில் மெல்லிய நீலக் கோடு, எங்கள் கிளப்புக்கென்றே நெய்தது. அவர் முகம் செத்துப்போயிற்று. பள்ளிவாசலில் நோன்பு திறக்கும்போது தரையில் நீளமாகத் துணி விரித்து, அதன்மேல் கிண்ணங்களையும் பழங்களையும் வைத்துச் சாப்பிடுவார்கள். சுப்ரா என்று சொல்வார்கள். அந்தச் சுப்ராத் துணிகள் சுலைமான் முதலாளி தருமமாகக் கொடுத்தவை. அவற்றின் கரையிலும் இதே நீலக் கோடு.

வண்ணானிடம் போட்டு வெளுத்தால் துணி வெள்ளையாகிவிடும். ஆனால் அவர்கள் சட்டப்படி அது சுத்தம் ஆகாது. மண்ணும் ஏழு தண்ணீரும் வேண்டும். ஜவுளிக்காரருக்கு வெளுப்புத்தான் சுத்தம். யோசிக்கவே இல்லை போலும். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை, ஒளிப்பானேன். மாட்டிக்கொண்டார் முதலாளி என்று துள்ளினேன். இன்றைக்கே போய்ச் சபையில் சொல்லும், துடுப்பு தன்னால் உம்முடைய கைக்கு வரும் என்றேன். ஹபீப் முகம்மது இதை வேறு யாரிடமும் சொல்ல வேண்டாம் என்று மட்டும் கேட்டுக்கொண்டார்.

அவர் போனது சபைக்கு அல்ல, சுலைமானின் கடைக்கு. கடையாட்களை விலக்கிவிட்டுத் தனியாகச் சொல்லியிருக்கிறார். சுலைமானுக்கு வியர்த்துவிட்டது. தெரியாமல் நடந்துவிட்டது, ஊருக்குத் தெரிந்தால் என் மானம் போகும், நீயே பக்குவமாகக் கழுவி வைத்துவிடு என்று கையைப் பிடித்தாராம். எந்தக் கையைப் பார்த்து மூக்கைப் பொத்தினாரோ, அதே கையை.

மறுநாள் மத்தியான லுஹர் தொழுகை முடிந்து பள்ளி காலியானதும், ஹபீப் முகம்மது சுப்ராக்களையெல்லாம் கிணற்றடிக்கு எடுத்துப் போனார். மண் குழைத்துப் பூசி, அலசி, மறுபடி அலசி, ஒவ்வொன்றுக்கும் ஏழு. நோன்பு வாய், எச்சில் விழுங்கினாலே நெஞ்சு காய்கிற வெயில். பாதி முடிவதற்குள் பிற்பகல் அசர் தொழுகைக்கு ஆட்கள் வரத் தொடங்கிவிட்டார்கள். அவர்கள் கண்டது என்ன? பன்றிக் காற்றாடி துடைக்கிறவன் பள்ளியின் வெள்ளைச் சுப்ராவைச் சேற்றில் போட்டுப் புரட்டுகிறான். யாரைக் கேட்டு இதைத் தொட்டாய் என்று சத்தம். ஹபீப் முகம்மது தலை நிமிர்ந்து கூட்டத்தில் ஒருவரைப் பார்த்தார். சுலைமான் அங்கேதான் நின்றார். பார்த்தார். வாயைத் திறக்கவில்லை.

இமாம் ஒரு சாவுக்குத் தொழவைக்க வெளியே போயிருந்தார். அவர் வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. கழுவினது, கழுவாதது எல்லாவற்றையும் கொக்கியால் இழுத்துக் குவித்து, மண்ணெண்ணெய் ஊற்றிப் பள்ளிக்குப் பின்னால் கொளுத்தினார்கள். வருஷக் கணக்காக எந்தத் துணிமேல் வைத்துத் தின்றார்களோ, அந்தத் துணியில் பாதியாவது அன்றுதான் முதன்முதலாகச் சுத்தமாயிற்று. அன்றைக்குத்தான் அவர்களுக்கு அருவருத்தது. சாயங்காலம் சுலைமான் கடையிலிருந்து புத்தம் புதுச் சுப்ரா வந்தது. எல்லாரும் அவருக்காகக் கையேந்தித் துஆச் செய்தார்களாம். தூ!

அடுத்த நாள் ஹபீப் முகம்மது வழக்கம்போல ஏணியோடு வந்தார். நான் அவரை விடவில்லை. கதவைச் சாத்திவிட்டுக் கேட்டேன்.

"ஏன் காணும் வாய் திறக்கேல்லை? ஒரு சொல்லுச் சொல்லியிருந்தா அந்தாள் அங்கேயே நாறியிருப்பான். உமக்கு ரோசமே இல்லையோ?"

அவர் எண்ணெய்க் கிண்ணத்தைத் துடைத்து முடித்தார்.

"சொல்லலாம் கிராணியாரே. சொன்னா அவரு மட்டுமா நாறுவாரு? இத்தனை வருஷம் அதுல உக்காந்து நோன்பு தொறந்தவங்க எல்லாருக்கும் வயித்தைப் புரட்டும். கிழவனா, சின்னப் புள்ளையா, எல்லாருக்கும். தின்னதை எப்புடிக் கழுவுறது? அந்தக் கொமட்டல் எனக்குத் தெரியும். வியாழக்கெழம வியாழக்கெழம தெரியும். அதை ஊருக்குக் குடுக்க எனக்கு மனசு வரலை."

 எனக்குக் கோபம்தான் வந்தது; இவர்மீதா, அவர்கள்மீதா என்று தெரியாத கோபம். அவர் கிண்ணத்தைத் திருகி மாட்டிவிட்டு, சுவிட்சில் கட்டிய கைக்குட்டையை அவிழ்த்துக்கொண்டு அடுத்த அறைக்குப் போனார். அந்த மாதம் முழுக்க அவர் பள்ளிக்குத் தொழப் போனார். கஞ்சி வரிசையில் மட்டும் உட்காரவில்லை. வீட்டில் நூர்ஜான் சின்னப் பானையில் காய்ச்சி வைப்பாள், இரண்டு பேரும் குடிப்பார்கள்.

மறு வருஷம் நோன்புக்கு முன்னால் சுலைமான் எங்கள் கிளப்புக்கு வந்தார். புதுத் திரைச்சீலைக்குக் கணக்கு முடிக்க வேண்டும். மத்தியான நேரம், கடலில் ஒரு பொட்டுக் காற்று இல்லை. என் மேசைக்கு எதிரே நாற்காலியில் சரிந்து, சட்டையின் மேல் பொத்தானைக் கழற்றிவிட்டு, முகத்தை மேலே தூக்கிக் கண்ணை மூடிக்கொண்டார்.

"அல்ஹம்துலில்லாஹ், என்னா காத்து. எங்க கடைக் காத்தாடி இப்புடிச் சுத்தாதுலா. இங்க யாரு பாக்குறது இதை?"

"ஹபீப் முகம்மது" என்றேன். "இண்டைக்குக் காலமைதான் துடைச்சு எண்ணெய் போட்டவர். அடுப்படிக் காத்தாடி முடிச்ச கையோட."

கண் திறந்தது. ஒரு கணம் இறக்கைகளைப் பார்த்தார். எழுந்து நாற்காலியைத் தள்ளிப் போடுவார் என்று நினைத்தேன். போடவில்லை. புழுக்கம் அப்படி. கண்ணை மறுபடி மூடிக்கொண்டார்.

நான் எழுந்து போய்ச் சுவிட்சை அணைத்தேன்.